பாலூட்டும் சங்கு

அண்டா, தவலை, குடம், செம்பு என நம் இல்லங்களிற் புழங்கும் கலங்கள் பல. அவற்றுக்கெல்லாம் இளையதாய், உள்ளங்கையில் அடங்குவதாய் விளங்குவது, குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு. இதனைப் பாலாடை என்றும் கூறுவர். காய்ச்சிய பாலின்மேற் படரும் ஏட்டைக் குறிக்கும் சொல்லே இக்கலத்திற்கும் பெயராய் அமைந்தது அறியத்தக்கது.

சங்கு என்னும் பெயரே இதன் பிறப்பை உணர்த்தும். சென்னையின் வடபகுதியில், வங்கக் கடலோரத்தில், எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்து அமைந்தது கத்திவாக்கம். இத்தகைய கடற்கரையூரில் வாழும் மாணவர், அலை ஒதுக்கிய சங்கொன்றை எடுத்து நீர் முகந்து சாய்த்துப் பார்ப்பாராயின் ஓர் உண்மை விளங்கும். சங்கின் வாய் குழிந்து அகன்றிருக்கும். முனையோ வாய்க்கால்போல் ஒடுங்கிச் செல்லும். குழிவு நீரைத் தாங்க, முனை அதனைச் சிறிது சிறிதாக ஒழுகவிடும். பின்னர்ப் பித்தளையிலும் வெள்ளியிலும் செய்யப்பெற்ற பாலாடைகளும் இவ்வமைப்பையே கொண்டன. இன்று எவர்சில்வரிலும் இது கிடைக்கின்றது.

குழந்தை பிறந்த வீட்டிற்குத் தாய்மாமனும் பாட்டன் பாட்டியரும் வெள்ளிச் சங்கும் கிண்ணமும் பரிசளித்தல் நம் வழக்கம். மேலை நாடுகளிலும் இதனையொத்த வழக்கம் உண்டு. காதுபோன்ற தட்டைக் கைப்பிடியுடைய சிறு கிண்ணத்தை அங்குப் பாரிஞ்சர் என்பர். கஞ்சியும் கூழும் உண்ணப் பயன்பட்ட அது, குழந்தைக்குரிய நினைவுப் பரிசாகவும் ஆயிற்று. அமெரிக்க விடுதலைப் போரிற் புகழ்பெற்ற பவுல் ரிவியர் என்னும் வெள்ளிக் கொல்லர், 18ஆம் நூற்றாண்டில் அத்தகைய கிண்ணங்கள் பல செய்தார்.

இடைக்காலத்தில் பாற்புட்டி பரவவே, சங்கு பேழைக்குட் புகுந்தது. புட்டியின் இரப்பர்க் காம்பில் தங்கும் பால் நோய்க்கிருமிகளுக்கு இடந்தரும். அதனை முற்றுந் தூய்மை செய்தல் அரிது. புட்டிகளை விளம்பரப்படுத்துதலை இந்திய அரசு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது. சங்கோ திறந்த கலம். கழுவி, கொதிநீரில் இட்டு எளிதில் தூய்மையாக்கலாம். ஆதலின், நிறைமாதத்திற்கு முன் பிறந்து தாய்முலை பற்றிப் பருக இயலாத குழவிகட்கு, கறந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையாற் புகட்டும் முறையை நம் நாட்டு மருத்துவமனைகள் பல கைக்கொண்டுள்ளன.

எனினும், சங்கு தாய்மடிக்கு ஈடாகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதுமென்பது மருத்துவர் துணிபு. சங்கினால் ஊட்ட நேரின், குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, சிறிது வார்த்து, அது விழுங்கியபின்னரே மீண்டும் வார்த்தல் வேண்டும். படுத்த நிலையில் விரைந்து ஊற்றினால் பால் மூச்சுக்குழலிற் புகுந்து உயிருக்கே இடர் விளைக்கும்.

மாணவர்களே! சங்கு வெள்ளியாயினும் எவர்சில்வராயினும், அதன் உண்மைப் பெருமை தூய்மையிலும் பொறுமையிலும் உள்ளது. உங்கள் இல்லத்துப் பேழையிற் பழைய சங்கு இருக்குமாயின், அதனைக் கையிலேந்திப் பாருங்கள். பேசவறியா ஒரு சிற்றுயிர் விழுங்கும்வரை காத்திருந்து ஊட்டிய கைகளை அது உங்கட்கு நினைவூட்டும்.