கொழுந்து ஒன்றுதான், இயந்திரம் எது?

உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நான் ஒவ்வொரு தவணையிலும் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "டீச்சர், நேற்று வேலை செய்த புரோகிராம் இன்றைக்கு வேலை செய்யுதில்ல. நானா என்னமோ புதுசா இன்ஸ்டோல் பண்ணிட்டாரு." வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி, அதைப் பாவிப்பவர்கள் மூன்று பேர். வாப்பா அதைக் கடைக்குக் கொண்டு போவார். கடையில் 'போமட்' செய்து கொடுப்பார்கள். பிள்ளை எழுதி வைத்த எல்லாம் அழிந்துவிடும். "இனி அதைத் தொடாதே" என்ற கட்டளையும் சில வீடுகளில் பிறக்கும். ஆனால் பெரும்பாலும் அந்தக் கணினியில் பழுது எதுவும் இருப்பதில்லை.

நாம் எழுதும் நிரலைக் கணினி அப்படியே விளங்கிக்கொள்ளாது. அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளே தொகுப்பான், அதாவது கம்பைலர். 1952இல் கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி உருவாக்கிய 'ஏ-0' இவ்வகையின் முன்னோடி. இன்று உலகெங்கும் பாவிக்கப்படும் 'ஜிசிசி' 1987இல் வெளிவந்தது.

நமது ஊவா மாகாணத்தில் இதை விளக்குவது இலகு. கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்த் தேயிலையாகிறது. அதே கொழுந்தை ஓர்தடொக்ஸ் உருளையில் இட்டால் ஒரு தேயிலை, சி.ரி.சி. இயந்திரத்தில் இட்டால் வேறொரு தேயிலை. நிரலும் அப்படித்தான். எந்தத் தொகுப்பான், அதன் எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து, கிடைக்கும் கோப்பு ஒரு கணினியில் இயங்கும், இன்னொன்றில் இயங்காமலும் போகும்.

ஒருவருடைய வேலை மற்றவருடையதைக் குழப்பாதிருக்க, ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் தனிச் சூழல் அமைக்கலாம். பைதன் மொழியில் 2012இல் வந்த 3.3 பதிப்பு முதல் 'வென்வ்' என்ற வசதி கூடவே கிடைக்கிறது. அது ஒரு தனிக் கோப்புறை. உங்கள் நூலகங்கள் அதற்குள் இருக்கும், நானாவுடையவை அவருடைய கோப்புறைக்குள் இருக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வென்வ் பைதன் நூலகங்களை மட்டுமே பிரித்து வைக்கிறது. தொகுப்பானை அது கொண்டுவருவதில்லை. நம்பை போன்ற நூலகங்களின் முக்கிய பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. வழக்கமாக அவை ஏற்கெனவே தொகுக்கப்பட்டே வரும். உங்கள் பைதன் பதிப்புக்குப் பொருந்தும் கோப்பு இல்லையென்றால், கணினி அதைத் தானே தொகுக்க முயலும். அப்போது சூழலுக்கு வெளியே உள்ள தொகுப்பானைத் தேடும். அது இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் நீண்ட பிழைச் செய்தி வரும். அது பழையதாக இருந்தாலும் சில வேளை இதே கதிதான்.

இதற்கு 'கொண்டா' ஒரு தீர்வு. அதில் தொகுப்பானையும் சூழலுக்குள்ளேயே நிறுவலாம். லினக்ஸில் அந்தச் சூழலைச் செயற்படுத்தியதும், எந்தத் தொகுப்பானைப் பாவிக்க வேண்டும் என்பதை அதுவே கணினிக்கு அறிவிக்கும். விண்டோஸில் மைக்ரோசொப்டின் தொகுப்பானைப் பெரும்பாலும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

மாணவிகள் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். முதலாவது, புதிய வேலைக்குப் புதிய சூழல். இரண்டாவது, பைதன் பதிப்பு, நூலகங்களின் பதிப்பு, தொகுப்பானின் பெயரும் பதிப்பும் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி நிரலோடு வையுங்கள். மூன்றாவது, உங்கள் நிரல்களைச் சூழல் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். சூழல் கெட்டால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு, எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து மீண்டும் அமைக்கலாம். தோட்டப் பகுதிகளில் டேட்டாவும் சிக்னலும் குறைவு என்பதால், பாடசாலையில் ஒருமுறை இறக்கிய நூலகக் கோப்புகளைப் பென்டிரைவில் வைத்திருந்தால், ஒரே பைதன் பதிப்பும் ஒரே வகை இயங்குதளமும் உள்ள கணினிகளில் இணையமின்றியே அவற்றை நிறுவலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகளின் திரையில் சிவப்பு எழுத்துகள் நிறைந்திருந்தால் கணினி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கடைக்குக் கொண்டு போகுமுன் அவளிடம் கேளுங்கள்: "தொகுப்பான் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?" அவள் பதில் தேடி முடிக்கும்வரை கணினியை அவளிடமே விட்டு வையுங்கள். பதுளையிலேயே இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இந்தத் தேடலே நல்ல பயிற்சி.