காடை: காரம் முதலில், இனிப்பு கடைசியில்!

திண்டுக்கல் என்றதும் சீரகச் சம்பா பிரியாணியும், தொட்டுக்கக் காடை வறுவலும் நினைவுக்கு வருமே! அதையே தேன் கலந்து இனிப்புக் காரமாக வீட்டில் செய்தால், வெளியே கரி, உள்ளே பச்சை... ஏன்?

கறி வேகுமுன்பே தேனும் வெல்லமும் கருகிவிடும். நிறத்தை நம்பி இறக்கிவிடுகிறோம். அரைவேக்காட்டில் சால்மோனெல்லா கிருமி சாகாது. வாந்தி, பேதி வரலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

நான்கு காடைக்கு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு, மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். காடை சின்னது, ரொம்ப நேரம் புளிப்பில் ஊறினால் சதை குழைந்துவிடும். எண்ணெய் விட்டு, மூடி போட்டு, மிதமான தீயில் வேக விடுங்கள். தொடை மூட்டு சுலபமாகக் கழன்று வர வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால், தொடைச் சதையில் 74 டிகிரி செல்சியஸ் காட்டணும். அப்புறம்தான் 2 ஸ்பூன் வெல்லப்பாகு, கொஞ்சம் புளிக்கரைசல் ஊற்றி 2 நிமிடம் புரட்டுங்கள்.

பச்சைக்கறி ஊறிய மசாலாவை அப்படியே மேலே ஊற்றிடாதீங்க! சர்க்கரை நோயாளிக்குப் பாகு சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

பண்ணைக் காடையே வாங்குங்கள். காட்டுக் காடையைப் பிடிப்பது 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்!