மெஷினைத் தூக்கும் முன் மரையைப் பாருங்கள்!

ஓசூர் ரோட்டில் சில்க் போர்டைத் தாண்டியதும் பொம்மனஹள்ளி. 2025 ஆகஸ்டு முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரெயிலும் ஓடுகிறது. மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஆயத்த ஆடை கம்பெனிகள். அவற்றின் இடுக்கில் ஒரு ஷட்டர், இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நாலு ஆட்கள் என்று சிறு சிறு பட்டறைகள். வாசலில் நின்று காது கொடுத்தால் பாதிப் பேச்சு தமிழ். ஊர் கேட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, கோலார் தங்கவயல் என்பார்கள்.

இந்தப் பட்டறைகளில் சில இப்போது மூட்டை கட்டுகின்றன. வாடகை கட்டுப்படியாகவில்லை. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி, ஓசூர் என்று இடம் தேடிப் போகிறார்கள். ஆள் பஸ் ஏறிப் போய்விடலாம். லேத் எப்படிப் போகும்?

1953-ல் தொடங்கிய எச்.எம்.டி.யின் லேத், அரிகரில் 1941-ல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரின் லேத், அதற்கும் முந்திய இங்கிலாந்து லேத் என்று, அப்பா காலத்தில் ஏலத்தில் எடுத்த மெஷின்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் வார்ப்பிரும்பு. ஒரு கன அடி வார்ப்பிரும்பு 200 கிலோ இருக்கும். வார்ப்பிரும்பு பாரம் தாங்கும், அடி தாங்காது. ஒரு முழ உயரத்தில் இருந்து கீழே விழுந்தாலும் பெட் வெடித்துவிடலாம். வெடித்தால் அப்புறம் அது லேத் அல்ல. காயலான் கடையில் கிலோ கணக்கில் போடும் இரும்பு. பக்கத்தில் நிற்கிறவனின் காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மெஷினை நகர்த்தக் கிளம்பும் பட்டறைக்காரர்கள் முதலில் விசாரிப்பது கிரேன் வாடகை. அடுத்து லாரி. அடுத்து வயர் ரோப். கடைசியில், கிரேன் வந்து வாசலில் நின்ற பிறகுதான் ஐ போல்ட்டைத் தேடுகிறார்கள். ஐந்து டன் கிரேனும் புதுக் கயிறும் ஒரு விரல் கனம் போல்ட்டில் தொங்கப் போகின்றன என்பது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஐ போல்ட் என்றால் தலையில் வளையம் உள்ள போல்ட். மெஷின் புதிதாக வந்தபோது கூடவே வந்திருக்கும். முப்பது நாற்பது வருஷத்தில் அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஓட்டை மட்டும் இருக்கும். அதிலும் கிரீசும் பெயிண்டும் இரும்புத்தூளும் அடைத்துக்கொண்டு இருக்கும்.

இஞ்சா, எம்.எம்.மா?

இங்கேதான் வில்லங்கம். நம் நாடு மெட்ரிக் அளவுக்கு மாற 1956-ல் சட்டம் வந்தது. அதற்கு முந்திய மெஷின்களிலும், இங்கிலாந்தில் இருந்து வந்தவற்றிலும் இருப்பது பெரும்பாலும் விட்வொர்த் மரை. ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துக்காரர் 1841-ல் வகுத்த இஞ்ச் அளவு அது. பிற்பாடு வந்தவற்றில் எம்.எம். மரை. ஒரே பட்டறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

20 எம்.எம். ஓட்டைக்கு முக்கால் இஞ்ச் போல்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஆறு நூல் என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அது. அழகாக ஏறும்! காரணம், 20 எம்.எம். போல்ட்டின் மரை இடைவெளி 2.5 மி.மீ.; முக்கால் இஞ்ச் விட்வொர்த்துக்கு 2.54 மி.மீ. கை உணராத வித்தியாசம். ஆனால் தடிமனில் முக்கால் இஞ்ச் என்பது 19.05 மி.மீ.தான். ஏறத்தாழ ஒரு மில்லி குறைவு. மரை மரையோடு முழுசாகக் கவ்வாது; நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். ஏறியது, இறுகியது, நின்றது என்று நம்பித் தூக்கினால், பாதி உயரத்தில் மரை உரிந்துகொண்டு வரும்.

ஐந்து நூல் போல்ட்டுக்கு வேறு சேஷ்டை. அது 16 எம்.எம். ஓட்டையில் சில சுற்று போய் இறுகிவிடும். இடைவெளி ஒன்றுக்கு 2.31, இன்னொன்றுக்கு 2 மி.மீ. நன்றாக முடுக்கியாயிற்று என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்கள். உண்மையில் போல்ட்டின் முக்கால்வாசி வெளியே இருக்கும்.

எனவே கடைக்குப் போகும் முன் செலவைக் கணக்குப் பார்க்காமல் ஒரு மரை கேஜ் வாங்கிக்கொள்ளலாம். அல்லது எந்த அளவு என்று நிச்சயமாகத் தெரிந்த சாதா போல்ட்டுகள் நாலைந்தை எடுத்து ஓட்டையில் கையாலேயே திருகிப் பார்க்கலாம். ஆட்டம் இல்லாமல் கடைசி வரை ஏறுவதுதான் சரியான மரை. ஓட்டையை முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும். அடியில் தூள் இருந்தால் போல்ட் அதன் மேல் முட்டி நிற்கும். காலர் மெஷினில் உட்காராது. காலர் உட்காராத ஐ போல்ட், சுவரில் பாதி அடித்த ஆணி மாதிரி.

போல்ட் வாங்க எஸ்.ஜே.பி. ரோட்டுக்குத்தான் போக வேண்டும். கடைக்காரரிடம் "ஐ போல்ட்" என்று மட்டும் கேட்டால், கம்பியை வளைத்துச் செய்த கொக்கியையும் எடுத்துப் போடுவார். அது கொடி கட்டத்தான் லாயக்கு. மெஷின் தூக்குவதற்கு, வளையமும் காலரும் ஒரே துண்டாக அடித்துச் செய்த போர்ஜிங் போல்ட் வேண்டும். அதன் மேலேயே அளவும் பாரமும் பொறித்திருக்கும். டின் 580 என்ற ஜெர்மன் அளவுப்படி, நேராகத் தூக்கினால் 16 எம்.எம். போல்ட் 700 கிலோ தாங்கும், 20 எம்.எம். 1,200 கிலோ, 24 எம்.எம். 1,800 கிலோ. பொறிப்பு இல்லாததை, விலை குறைவு என்பதற்காகத் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பஜாரில் பழைய ஐ போல்ட் மலிவாகக் கிடைக்கும். வளையம் நீண்டிருக்கிறதா, கழுத்தில் கீறல் இருக்கிறதா என்று தெருவில் குந்தி பார்க்க முடியாது.

சாய்ந்தால் சக்தி குறையும்

பாரம் நேராகத் தூக்கினால் என்றேன். அந்த வார்த்தையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு டன் லேத் ஒன்று. 20 எம்.எம். போல்ட் இரண்டு. ஆளுக்கு 1,200 என்று 2,400 கிலோ, போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு போல்ட்டில் இருந்தும் கயிறு மேலே போய் ஒரே கொக்கியில் சேருகிறது, ஆகவே சாய்கிறது. 45 டிகிரி சாய்ந்தால் போல்ட் ஒன்றுக்கு 860 கிலோதான் கணக்கு. இரண்டும் சேர்ந்து 1,720. இரண்டு டன்னுக்குப் போதாது. அதே சாய்வில் கயிறு ஒவ்வொன்றும் ஒரு டன் அல்ல, 1.4 டன் இழுவையைத் தாங்கும். இரண்டு கயிற்றுக்கும் நடுவே 120 டிகிரி விரிந்துவிட்டால், ஒவ்வொரு கயிற்றிலும் முழு இரண்டு டன்! ஷெட்டின் கூரை தாழ்வு என்று கயிற்றைக் குட்டையாகக் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. நீளக் கயிறு கட்ட இடம் இல்லை என்றால், மேலே ஓர் இரும்பு உத்திரத்தைக் குறுக்கே தொங்கவிட்டு இரண்டு முனையில் இருந்தும் நேராக இறக்கலாம்.

இன்னொரு தப்பும் உண்டு. மோட்டாரின் தலையில் ஒரு சின்ன வளையம் இருக்கும். அது மோட்டாரை மட்டும் தூக்க வைத்தது. அதில் மெஷினையே கட்டித் தொங்கவிட்டால் மோட்டார் கையோடு வரும், மெஷின் தரையோடு நிற்கும்.

பல லேத்களில் ஐ போல்ட்டுக்கு ஓட்டையே கிடையாது. தேடி அலைய வேண்டாம். பெட்டின் இரண்டு வழிகளுக்கும் நடுவே நீண்ட போல்ட்டை இறக்கி, அடியில் குறுக்குப் பட்டையைக் கொடுத்து, மேலே மரத்துண்டு வைத்து வளைய நட்டு போடுவது பழைய முறை. ஹெட் ஸ்டாக் பக்கம்தான் பாரம் அதிகம் என்பதால், கேரேஜையும் டெயில் ஸ்டாக்கையும் எதிர்க் கோடிக்குத் தள்ளிப் பூட்டிவிட வேண்டும். கயிறு லீட் ஸ்க்ரூவில் படக்கூடாது. அது வளைந்தால் அப்புறம் அந்த லேத்தில் மரை வெட்டவே முடியாது.

ரெயில்வே சரக்கு ஆபீசில் வரும் மெஷின் பெட்டிகளில் சங்கிலிப் படம் போட்டிருப்பார்கள்; இந்த இடத்தில் கட்டு என்று அர்த்தம். பழைய லேத்துக்கு அப்படிப் பெட்டி ஏது? தரையில் இருந்து நாலு விரல் தூக்கி நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, இறக்கி, கட்டை மாற்றிக் கட்டுவதுதான் வழி. இதற்குச் சோம்பக்கூடாது.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பாரம் தூக்கும் சங்கிலி, கயிறு, சாதனம் எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று வகுத்தது. ஆனால் அந்தச் சட்டப்படி, கரண்ட்டில் ஓடும் பட்டறையில் பத்துப் பேராவது இருந்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலை என்று இருந்தது. நாலு பேர் வேலை செய்யும் ஷட்டர் கடைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வந்து ஷாக்கிளைப் பார்த்ததில்லை. ஷாக்கிளின் பின் தொலைந்துபோனால் கைக்கு வந்த போல்ட்டை மாட்டுவதும் அதனால்தான் நடக்கிறது. அந்தப் பின்னும் ஷாக்கிளோடு சேர்ந்த கனத்தில், சேர்ந்த இரும்பில் செய்தது, மற்றது வளையும்.

புது இடத்தில் மெஷினை இறக்கிய பிறகு ஐ போல்ட்டைக் கழற்றி எண்ணெய் தடவி, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஓட்டைக்குக் கிரீஸ் தடவிய துணி அடைப்பு. பக்கத்திலேயே பெயிண்டில் "20 எம்.எம்." என்றோ "6 நூல்" என்றோ எழுதி வைக்கலாம். அடுத்த முறை மெஷினை நகர்த்துகிறவர் உங்கள் மகனாக இருக்கலாம். ஏலத்தில் எடுத்த யாரோவாகவும் இருக்கலாம்.