பாலத் தட்டுக்கு நீர்காப்பு மெம்பிரேன்: விலை குறிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீதி, பால நிர்மாண வேலைகளில் உப கொந்தராத்து எடுக்கும் சிறு முதலீட்டாளர்கள் எம்மவர் மத்தியில் பலர் இருக்கின்றனர். ஹார்ட்வெயார் கடையில் பொருள் வழங்குவதோடு தொடங்கி, பின்னர் நான்கைந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேலையையே பொறுப்பெடுக்கும் நிலைக்கு வருபவர்களும் உண்டு. இவர்களின் கைக்கு வரும் அளவைப் பட்டியலில் சில வேளைகளில் ஒரு வரி காணப்படும். "பாலத் தட்டின் மேல் நீர்காப்பு மெம்பிரேன் இடுதல், இத்தனை சதுர மீற்றர்." மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிய வரிதான். ஆனால் விளங்காமல் விலை குறித்தவரின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடிய வரியும் இதுவே. எனவே, இந்த வேலை என்ன, எங்கே பிழைக்கிறது, எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

கொங்கிரீட்டுக்கு ஏன் போர்வை?

கொங்கிரீட் கல்லைப் போல் உறுதியானது. அதற்கு எதற்கு நீர்காப்பு என்று கேட்கலாம். கொங்கிரீட்டுக்குத் தண்ணீரால் நேரடியாகப் பெரிய பாதிப்பில்லை. பிரச்சினை உள்ளே இருக்கும் கம்பியில்தான். நல்ல கொங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆனால் மேலிருந்து இறங்கும் தண்ணீர் உப்பையும் கொண்டு சென்றால் அந்தக் காப்பு உடைந்து விடும். துரு, தான் உருவான இரும்பை விடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த நெருக்கம் கொங்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து, துண்டு துண்டாக உதிர்த்து விடுகிறது.

இதற்கு அதிகம் பேசப்படும் உதாரணம் பிரித்தானியாவில் உள்ளது. பேர்மிங்ஹாம் நகரைச் சுற்றிச் செல்லும் மிட்லண்ட் லிங்க்ஸ் எனும் நெடுஞ்சாலை மேம்பாலங்கள் 1972இல் பூர்த்தியாயின. 11 பாலங்கள், மொத்தம் 21 கிலோமீற்றர் நீளம், செலவு 28 மில்லியன் பவுண். அங்கு குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க வீதியில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் தட்டுக்களுக்கு இடையிலுள்ள விரிவு மூட்டுக்களின் வழியே ஒழுகிக் கீழேயுள்ள விட்டங்களை அரித்தது. 1989 வரையில் திருத்தத்துக்கு மாத்திரம் 45 மில்லியன் பவுண் செலவாகி விட்டது. இடைப்பட்ட காலத்தில் பவுணின் பெறுமதி குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும், 17 வருடங்களில் இது சாதாரண தொகையல்ல. பாலம் இடிந்து விழவில்லை. ஓரங்களாலும் மூட்டுக்களாலும் தண்ணீர் கசிந்தது, அவ்வளவுதான்.

எமது நாட்டில் வீதிக்கு உப்புத் தூவ வேண்டிய தேவையில்லை. ஆனால் கடற்காற்றும் களப்பு நீரும் அந்த வேலையைச் செய்கின்றன. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம், 2013இல் திறக்கப்பட்ட கல்லடிப் புதிய பாலம் போன்றவை உப்பு நீருக்கு மேலேயே நிற்கின்றன. கரையோர ஊர்களில் கடை கட்டியவர்களுக்குக் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

எல்லா மெம்பிரேனும் ஒன்றல்ல

மெம்பிரேன் என்பது கொங்கிரீட் தட்டுக்கும் மேலே இடப்படும் காபட்டுக்கும் இடையில் ஒட்டப்படும் நீர் புகாப் படையாகும். பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று, சுருளாக வரும் தார்த் தாள். கேஸ் டோர்ச்சினால் அடிப்பக்கத்தை உருக்கி ஒட்டுவது. மற்றது திரவமாகத் தெளித்து இறுகச் செய்வது. இரண்டாவதற்கு விசேட இயந்திரமும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை. சிறிய கொந்தராத்துக்காரரின் கைக்கு வருவது பெரும்பாலும் முதலாவது வகைதான்.

இங்கே வியாபாரிகள் விடும் முதல் பிழை, கட்டடக் கூரைக்கு விற்கும் தாளைப் பாலத்துக்கும் கொடுக்க முனைவதாகும். கூரைத் தாளின் மேல் ஆட்கள் நடப்பார்கள். பாலத் தாளின் மேல் லொறிகள் ஓடும். அத்துடன் அதன் மேல் சுமார் 140 தொடக்கம் 160 பாகை செல்சியஸ் சூட்டில் காபட் கலவை கொட்டப்பட்டு ரோலர் ஏறும். அந்தச் சூட்டையும் கல் குத்துவதையும் தாங்குவதற்கென்றே தயாரிக்கப்பட்ட தாள் வேறு. தடிப்பு, உள்ளே இருப்பது பொலியெஸ்டர் வலையா கண்ணாடி நாரா, காபட்டின் கீழ் பாவிக்கலாம் என உற்பத்தியாளர் எழுத்தில் கூறியுள்ளாரா ஆகிய மூன்றையும் கேட்காமல் ஓடர் கொடுக்கக் கூடாது. சுருள்களை நிழலில், நிறுத்தியே வைக்க வேண்டும். வெயிலில் படுக்க வைத்து அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டி, நசுங்கி, பாவனைக்கு உதவாமல் போகும்.

தாளை விட அடித்தளமே முக்கியம்

புதிதாக வார்த்த தட்டின் மேல் சீமெந்துப் பால் காய்ந்த மெல்லிய படையொன்று இருக்கும். பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும் அது மாவு போன்றது. அதன் மேல் எவ்வளவு நல்ல தாளை ஒட்டினாலும், தாள் அந்த மாவோடு சேர்ந்து கழன்று வரும். ஆகவே சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்துச் சுரண்டும் இயந்திரத்தால் அல்லது வேறு தகுந்த முறையால் அதை முழுமையாக நீக்க வேண்டும். நீட்டிக் கொண்டிருக்கும் கட்டுக்கம்பி, கல் முனை என்பவற்றை வெட்டிச் சமப்படுத்தி, குழிகளை அடைத்து, தூசியை ஊதி அகற்ற வேண்டும்.

அடுத்தது ஈரம். மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். இதற்கு எளிய பரிசோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைத் தட்டின் மேல் வைத்து, நான்கு பக்கமும் டேப்பினால் இறுக ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ கொங்கிரீட் கறுத்திருந்தாலோ வேலையைத் தொடங்கக் கூடாது. தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கும் அதிகமாக விரியும். சூடான காபட் மேலே விழும்போது, அடைபட்ட ஈரம் ஆவியாகித் தாளை அப்பளம் போல் ஊத வைக்கும்.

ஒட்டுதலுக்காகப் பூசும் பிரைமருக்கு எந்த நேரம் நல்லது என்பதிலும் பலர் தவறு விடுகின்றனர். காலை வெயில் ஏற ஏற கொங்கிரீட்டின் துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியே தள்ளும். அப்போது பூசினால் ஊசித் துளைகள் விழும். சூடு இறங்கத் தொடங்கும் பிற்பகல் வேளையில் பூசினால் அந்தத் தொல்லை குறையும். பிரைமர் நன்கு காய்ந்த பின்னரே டோர்ச் பற்ற வைக்க வேண்டும். ஈரப் பிரைமரில் நெருப்புக் காட்டுவது ஒட்டுதலுக்கும் ஆபத்து, ஆட்களுக்கும் ஆபத்து.

ஓரத்தில்தான் தோல்வி

தாள் விரிப்பதைத் தட்டின் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் ஓடு வேய்வது போல மேல் தாள் கீழ்த் தாளின் மேல் ஏறி, தண்ணீர் மூட்டுக்குள் போகாமல் வழிந்தோடும். பக்கவாட்டில் சுமார் 100 மில்லிமீற்றரும் நுனியில் 150 மில்லிமீற்றரும் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. உங்கள் ஒப்பந்தம் சொல்லும் அளவே இறுதியானது. நுனி மூட்டுக்கள் ஒரே கோட்டில் வரக் கூடாது. சரியாக உருக்கி ஒட்டினால் மூட்டின் ஓரத்தில் உருகிய தார் மெல்லிய கயிறு போல் வெளியே பிதுங்கும். அது தெரியாத இடம் ஒட்டாத இடம் என்று சந்தேகியுங்கள்.

நடுத் தட்டில் தாள் பிழைப்பது குறைவு. பிழைப்பது ஓரக்கட்டுக்கு ஏறும் இடத்தில், நீர் வடியும் துவாரத்தில், விரிவு மூட்டில். மிட்லண்ட் லிங்க்ஸ் சொல்லும் பாடமும் அதுதான். ஓரக்கட்டில் தாளை மேலே ஏற்றி, வெட்டிய காடிக்குள் செருகி அடைக்க வேண்டும். வடிகால் துவாரத்தில் தாளைக் குழாயின் உள்ளே மடித்து இறக்க வேண்டும்.

காபட் தண்ணீரை முழுமையாகத் தடுப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதனூடாக இறங்கிய நீர் மெம்பிரேனின் மேல் தேங்கும். அது வெளியேற வழியில்லாவிட்டால், ஓடும் சில்லுகளின் அழுத்தத்தால் அந்த நீரே காபட்டைப் பிரித்துக் குழி விழச் செய்யும். எனவே மெம்பிரேனின் மட்டத்திலேயே நீர் வடியும் வழி இருக்கிறதா எனப் பொறியியலாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கணக்கு எப்படிப் பார்ப்பது?

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். 60 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலமான பாலத் தட்டொன்றை எடுத்துக் கொள்வோம். பரப்பளவு 600 சதுர மீற்றர். ஒரு சுருள் 1 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம். அப்படியானால் 60 சுருள் போதும் என்றே புதியவர் எழுதுவார்.

பக்க ஏற்றம் 100 மில்லிமீற்றர் போனால் அகலம் 0.90 மீற்றர். நுனி ஏற்றம் 150 மில்லிமீற்றர் போனால் நீளம் 9.85 மீற்றர். உண்மையில் ஒரு சுருள் மூடுவது 8.865 சதுர மீற்றர்தான். இரு பக்க ஓரக்கட்டிலும் 150 மில்லிமீற்றர் மேலேற்ற இன்னும் 18 சதுர மீற்றர் வேண்டும். 618ஐ 8.865ஆல் வகுத்தால் 70 சுருள் வருகிறது. வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 74. ஆக, 60 என்று கணித்தவருக்கு 14 சுருள் குறைகிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பகுதிக்குத் தனிக் கொடுப்பனவு பெரும்பாலும் கிடைக்காது. மூடிய பரப்புக்கே பணம் தருவார்கள். அந்த 14 சுருளும் அவரது சொந்தப் பணம்.

இங்கேதான் மனம் தடுமாறுகிறது. 100 மில்லிமீற்றரை 50 ஆக்கினால் என்ன, நாளை காபட் போட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். உண்மைதான், நாளை தெரியாது. அடுத்த மழைக்குப் பின் பாலத்தின் அடிப்பக்கத்தில் ஈரக் கோடாகத் தெரியும். அப்போது திருத்துவதென்றால் காபட்டைக் கிளற வேண்டும், தாளை உரிக்க வேண்டும், போக்குவரத்தை நிறுத்த வேண்டும். தடுத்து வைத்த பணமும் போகும், அடுத்த வேலைக்கான பெயரும் போகும்.

விலையில் சேர்க்க மறக்கும் வேறு செலவுகளும் உண்டு. மேற்பரப்பைச் சுரண்டும் இயந்திர வாடகை, கேஸ், தீயணைப்புக் கருவி, ஒட்டுதல் பரிசோதனைக் கட்டணம், மழையால் சும்மா நிற்கும் நாட்களின் கூலி என்பன அவற்றுள் சில. கிழக்கில் மாரி தொடங்கிய பின்னரும் மேற்கில் தென்மேல் பருவக்காற்று வீசும்போதும் இந்த வேலைக்குத் திகதி கொடுப்பது நட்டத்தை விலைக்கு வாங்குவதாகும்.

மூடும் முன் கையொப்பம்

இது மறைந்து போகும் வேலை. காபட் விழுந்த பின் செய்தவரும் நிரூபிக்க முடியாது, செய்வித்தவரும் பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்துத் திகதியுடன் வைத்திருங்கள். சிறு உலோக வட்டுக்களை ஒட்டி இழுத்துப் பார்க்கும் ஒட்டுதல் பரிசோதனையின் முடிவை எழுத்தில் பெறுங்கள். ஓட்டை, கொப்புளம் என்பவற்றைத் திருத்திய பின், காபட் இடும் முன்னர் பொறியியலாளரின் கையொப்பத்தை வாங்குங்கள். தாள் இட்ட பின் மற்றவர்களின் வாகனங்களை அதன் மேல் ஏற விடாதீர்கள். ஏறிக் கிழித்தால் பழி உங்கள் மேல்தான் வரும்.

பாலம் கட்டாத வாசகர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. உங்கள் கடையின் கொங்கிரீட் மேல்தட்டுக்கும் இதே நியதிதான். தாளின் விலையை மட்டும் கேட்டு ஆளைத் தெரிவு செய்யாதீர்கள். அடித்தளத்தை எப்படித் தயாரிப்பார், ஓரத்தையும் குழாய் வாயையும் எப்படி அடைப்பார் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள். கட்டடம் பழையதாயின் அந்தப் பாரத்தைத் தாங்குமா என முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள். கீழே சொட்டு விழவில்லையென்றால் மீதிப் பணத்தைத் தாமதமின்றிக் கொடுத்து விடுங்கள். நல்ல வேலையாளை அடுத்த முறையும் அழைக்க அதுவே வழி.