உமிழ்நீர்ச் சுரப்பியின் இயற்கைக் கொல்லி உயிரணுக்கள்

உமிழ்நீர்ச் சுரப்பியின் இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் என்பவை, குருதியோட்டத்தில் கலந்து திரியாமல் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் இழையத்திலேயே நிலையாகத் தங்கி வாழும் ஒருவகை வெண்குருதியணுக்கள் ஆகும். இவை உடலின் இயல்பான நோய் எதிர்ப்பு முறைமையைச் சேர்ந்தவை. இவற்றைப் பற்றி இன்று அறியப்பட்டிருப்பவற்றுள் பெரும்பகுதி சுண்டெலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளின் வழியே கிடைத்ததாகும்.

பின்னணி

இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் 1975 ஆம் ஆண்டில் சுவீடனிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தனித்தனியே விவரிக்கப்பட்டன. முன்பயிற்சி ஏதுமின்றியே புற்று உயிரணுக்களையும் தீநுண்மம் தொற்றிய உயிரணுக்களையும் அழிப்பதால் இவை இப்பெயர் பெற்றன. இவை பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் இலக்கு உயிரணுவின் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதிகளை உட்செலுத்தி அதனைக் கொல்கின்றன. இண்டர்ஃபெரான் காமாவையும் சுரக்கின்றன.

மனிதரில் கன்னச் சுரப்பி, தாடைக்கீழ்ச் சுரப்பி, நாவடிச் சுரப்பி என மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. சுண்டெலி ஆய்வுகளில் பெரும்பாலும் தாடைக்கீழ்ச் சுரப்பியே பயன்படுத்தப்படுகிறது.

தனிப் பண்புகள்

2011 ஆம் ஆண்டில் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இவ்வுயிரணுக்கள் மிகுதியாக இருப்பினும், மண்ணீரலில் உள்ளவற்றைப் போல் வீரியமாகச் செயற்படுவதில்லை எனக் காட்டினர். தூண்டப்பட்டபோது இவை குறைந்த அளவே இண்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தன.

மண்ணீரலின் கொல்லி உயிரணுக்கள் உருவாவதற்குத் தேவையான என்.எஃப்.ஐ.எல்.3 என்னும் காரணி இவற்றுக்குத் தேவையில்லை என்பது 2014 இல் அறியப்பட்டது. சுரப்பியில் உள்ள உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீட்டாவே இவற்றின் இயல்பை வடிவமைக்கிறது என 2016 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இவை இயற்கைக் கொல்லி உயிரணுக்களா, அல்லது இயல்பு நிணநீர் உயிரணுக்களின் முதல் வகையா என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அடக்கத்தின் பயனும் விலையும்

இவ்வடக்கத்தினால் தீநுண்மங்கள் பயனடையக்கூடும். சைட்டோமெகலோ தீநுண்மம் மண்ணீரலிலிருந்தும் ஈரலிலிருந்தும் நீக்கப்பட்ட பின்னரும் உமிழ்நீர்ச் சுரப்பியில் நெடுநாள் நிலைத்து, உமிழ்நீர் வழியே பிறருக்குப் பரவுகிறது. முற்காலத்தில் இது உமிழ்நீர்ச் சுரப்பித் தீநுண்மம் என்றே அழைக்கப்பட்டது. இந்தியாவில் பெரும்பாலோருக்கு இது குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. நலமானவர்களிடம் பொதுவாக அறிகுறி தோன்றுவதில்லை. எனினும் கருவிலுள்ள குழந்தைக்குத் தொற்றினால் செவிட்டுத்தன்மை ஏற்படலாம்.

மறுபுறம், இவ்வுயிரணுக்கள் சுரப்பியைக் காக்கவும் செய்கின்றன. நெடுநாள் தொற்றின்போது இவை டிரெயில் என்னும் புரதத்தின் மூலம், மிகையாகத் தூண்டப்பட்ட சி.டி.4 டி-உயிரணுக்களை அழிக்கின்றன. இச்செயல் தடைப்பட்ட சுண்டெலிகளில் தீநுண்மம் விரைவில் நீங்கினாலும், சோகிரன் நோயை ஒத்த தன்னெதிர்ப்பு நோய் தோன்றியது என 2014 இல் அறியப்பட்டது. சோகிரன் நோயில் உமிழ்நீரும் கண்ணீரும் வற்றிப்போகின்றன. உமிழ்நீர் குறைந்தால் உணவை விழுங்குவது கடினமாகும், பற்சொத்தையும் பெருகும்.

தமிழகச் சூழல்

தென்காசி, குற்றாலம் உட்படத் தமிழகத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியின் நோய்களுள் மக்கள் நன்கறிந்தது பொன்னுக்கு வீங்கி ஆகும். இது கன்னச் சுரப்பியை வீங்கச் செய்யும் தீநுண்ம நோய்; உமிழ்நீர்த் துளிகளால் பரவுகிறது. 2017 இல் தமிழ்நாட்டில் அரசு தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியில் இதற்கான கூறு இல்லை. 2024 இல் அண்டை மாநிலமான கேரளத்தில் இந்நோய் பெருமளவில் பரவியது. தென்காசி மாவட்டம் செங்கோட்டை, புளியரை வழியே கேரளத்துடன் இணைந்துள்ளது. குற்றாலச் சாரல் காலத்தில் அங்கிருந்து பலர் வருவதும் வழக்கம். எனவே இம்மும்முனைத் தடுப்பூசி குறித்துப் பெற்றோர் குழந்தை மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.