கம்ப்யூட்டர் இல்லாமலே பென் டிரைவ்: இரு வேலை பார்க்கும் ஒரு சிப்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் என்னிடம் கேட்பது இது: "இரண்டு கம்ப்யூட்டர்களை ஒரே யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து பைல்களை காப்பி செய்ய முடியாதா?" மயிலாப்பூர் நண்பர் ஒருவர் இரு முனையும் தட்டையாக உள்ள (டைப் ஏ) கேபிளை வாங்கியே வந்துவிட்டார். "சொருகாதீர்கள் சார்" என்று தடுத்து, பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளச் சொன்னேன்.

காரணம், யு.எஸ்.பி.யில் இருவரும் சமம் கிடையாது. ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் டிவைஸ். ஹோஸ்ட் வகுப்பு ஆசிரியர் மாதிரி. அவர் பெயர் சொல்லி அழைத்தால்தான் மாணவன் வாய் திறக்கலாம். நீங்கள் மவுஸை நகர்த்தினாலும் அது தானாகத் தகவல் அனுப்புவதில்லை, "நகர்ந்தாயா?" என்று கம்ப்யூட்டர்தான் விநாடிக்குச் சுமார் 125 முறை கேட்கிறது. 5 வோல்ட் மின்சாரம் தருவதும் ஹோஸ்ட்தான். இரண்டு கம்ப்யூட்டர்களும் ஹோஸ்ட் என்பதால் அந்தக் கேபிளில் பைல் போகாது. இரு பக்கமும் மின்சாரம் வருவதால் போர்ட் கெடவும் கூடும்.

1996இல் யு.எஸ்.பி. வந்தபோது ஹோஸ்ட் என்றால் கம்ப்யூட்டர், மற்றவை டிவைஸ் என்பதே ஏற்பாடு. ஆனால் கேமரா, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றுக்கு இரண்டு வேலையும் தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் சொருகினால் மாணவன். பிரிண்டரையோ பென் டிரைவையோ தன்னில் சொருகினால் ஆசிரியர். இதற்காக 2000களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் செமிகண்டக்டர் பிரிவு (2006 முதல் என்.எக்ஸ்.பி.) ஐ.எஸ்.பி.1161 என்ற சிப்பை வெளியிட்டது. 64 கால்கள் கொண்ட இந்த ஒரே சிப்பில் ஹோஸ்ட் கன்ட்ரோலரும் டிவைஸ் கன்ட்ரோலரும் இருந்தன. வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். இன்றைக்கு இது ஆமை வேகம்தான்!

ஆனால் இதில் ஹோஸ்டுக்குத் தனி போர்ட், டிவைஸுக்குத் தனி போர்ட். ஒரே போர்ட்டில் இரண்டையும் செய்ய 2001இல் வந்த விதிமுறைதான் 'ஆன் தி கோ', அதாவது ஓ.டி.ஜி. மைக்ரோ யு.எஸ்.பி. முனையில் உள்ள 5 பின்களில் நான்காவது ஐ.டி. பின். ஓ.டி.ஜி. கேபிளில் இதை கிரவுண்டுடன் இணைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் போன் ஹோஸ்டாக மாறிவிடும். சாதாரண சார்ஜர் கேபிளில் இந்த இணைப்பு இல்லை. டைப் சி போன்களில் சி.சி. எனப்படும் பின்கள் இதைத் தீர்மானிக்கின்றன.

பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் அறுபத்து மூவர் விழாவை வீடியோ எடுக்கிறீர்கள், பாதியில் போன் நிரம்பிவிடுகிறது என்று வையுங்கள். கையில் பென் டிரைவும் தி.நகர் கடைகளில் கிடைக்கும் சிறிய ஓ.டி.ஜி. அடாப்டரும் இருந்தால் அங்கேயே காப்பி செய்யலாம். உங்கள் போனில் ஓ.டி.ஜி. வசதி உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பென் டிரைவ் என்.டி.எப்.எஸ். முறையில் பார்மட் ஆகியிருந்தால் பல போன்கள் அதைப் படிக்காது. பேட்32 என்றால் படிக்கும், ஆனால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே பைல் ஏறாது. பெரிய ஹார்ட் டிஸ்க்கைச் சுழற்றும் அளவு மின்சாரத்தைப் பல போன்களால் தர முடியாது.

காப்பி முடிந்ததும் ஒரு வீடியோவை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் 'இஜெக்ட்' கொடுத்து எடுத்துவிட்டு, பிறகு போனில் உள்ளதை அழியுங்கள்.