ஆழ்கடல் அடித்தளத்தின் சிற்றுயிர்கள்

கடலின் ஆழம் உயிரற்ற பாழ்வெளி என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. பிரிட்டனைச் சார்ந்த இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், 300 பாகத்திற்குக் கீழே உயிரினங்கள் இரா என 1840களில் கருத்துரைத்தார். 1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்த 'சாலஞ்சர்' என்னும் கப்பல், அதனினும் பன்மடங்கு ஆழத்திலிருந்து உயிர்களை வாரியெடுத்தது. மேற்குப் பசிபிக்கின் மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழமுடைய மடு ஒன்று அக்கப்பலின் பெயரையே தாங்கி நிற்கிறது. கடலில் அதனினும் ஆழமான இடத்தை நாம் அறியோம்.

அம்மடுவில் திரளாக வாழ்வன ஆம்பிபாடுகள். இவை இறால், நண்டு ஆகியவற்றின் உறவினங்கள். பக்கவாட்டில் தட்டையாகி, வளைந்த முதுகுடையவை. இவற்றுள் ஒன்றன் பெயர் ஹிரோண்டெலியா ஜிகாஸ். 'ஜிகாஸ்' என்பதற்கு 'அரக்கன்' என்பது பொருள். ஆயினும் இவ்வுயிரின் நீளம் சில சென்டிமீட்டரே. கதிரொளி எட்டாத இருளிலும், கடுங்குளிரிலும், கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் இது வாழ்கிறது.

ஒளியில்லாத இடத்தில் தாவரம் வளராது. எனில், இவை எதை உண்கின்றன? மேலிருந்து விழுவதையே உண்கின்றன. இறந்த மீனின் உடல் அடித்தளத்தை அடைந்ததும், அதன் மணத்தை உணர்ந்து விரைந்து கூடிச் சிறிது நேரத்தில் எலும்பு மட்டும் எஞ்சச் செய்கின்றன. மரத்துண்டும் இலைச்சருகும் இவற்றிற்கு உணவாகலாம். செல்லுலோஸைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் இவற்றின் உடலில் உள்ளமையை ஜப்பானிய ஆய்வாளர் 2012இல் வெளியிட்டனர். அவ்வாழத்தில் சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும். இவ்வினமோ சேற்றிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுத்து, பசைபோன்ற மேற்பூச்சாக்கித் தன் ஓட்டைக் காத்துக்கொள்கிறது என்பது 2019இல் அறியப்பட்டது. ஆம்பிபாடுகளில் தாய், தன் முட்டைகளை உடலின் அடிப்புறத்திலுள்ள பையில் சுமந்து காக்கிறது.

மேலிருந்து விழுவதை நம்பி வாழும் இவ்வாழ்க்கையே இன்று இவற்றிற்குக் கேடாயிற்று. மின்கருவிகளில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் வேதிப்பொருட்கள் அமெரிக்காவில் 1979இல் தடைசெய்யப்பட்டன. ஆனால் மரியானா, கெர்மாடெக் அகழிகளின் ஆம்பிபாடுகளில் அவை மிகுந்த அளவில் இருந்ததை 2017இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் உண்டான கார்பன்-14 இவற்றின் தசையில் சேர்ந்திருப்பது 2019இல் தெரியவந்தது. மேல்நீர் கீழிறங்கி அவ்வாழத்தை அடைய நூற்றாண்டுகள் பல செல்லும். விழும் உணவோ விரைவில் சேர்ந்துவிடுகிறது. 2020இல் மரியானா அகழியின் புதிய ஆம்பிபாடு இனம் ஒன்றிற்கு யூரிதெனிஸ் பிளாஸ்டிகஸ் எனப் பெயரிட்டனர். அதன் குடலில் பிளாஸ்டிக் இழை காணப்பட்டதே இப்பெயருக்குக் காரணம்.

கடலில் எறிந்தது தொலைந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் நம் கண்ணுக்கு மறைந்தது அடித்தளத்தில் ஓர் உயிரின் வாயை அடைகிறது. விழுவதில் இது வேண்டும், இது வேண்டாம் என ஒதுக்கி உயிர்வாழ அதற்கு வேறு உணவில்லை. எதை விழவிடலாம் எனத் தெரிந்துகொள்ளும் ஆற்றலோ நம்மிடத்தில் உண்டு. அத்தெரிவின் பயனை நாம் ஒருநாளும் சந்திக்காத உயிர்கள் சுமக்கின்றன என்பதை நாம் மறத்தலாகாது.